விருந்தினராய்க் கற்றவர், விருந்தோம்பிக் கற்பித்தவர்

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் கடற்கரை நெடுஞ்சாலையில் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. ஓரூரின் பள்ளிவாசலில் எழும் வாங்கொலி அடங்குமுன் அடுத்த ஊரின் கோயில் மணி ஒலிக்கத் தொடங்கும். முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் இந்நிலத்தைக் குழலில் அடுக்கிய பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று எம்மவர் சொல்வது வழக்கம். 1961 ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டம் தனியே வகுக்கப்படும்வரை இவ்வூர்கள் யாவும் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தனவாகவே இருந்தன.

இவ்வூர்களுள் ஒன்றாகிய காரைதீவிலே பிறந்து, கிறித்தவப் பள்ளிகளிற் கற்று, கத்தோலிக்கக் கல்லூரிகளிற் கற்பித்து, பின்னர் இந்துத் துறவியாகி, முத்தமிழுக்கும் தொண்டு செய்து மறைந்தவர் சுவாமி விபுலாநந்தர். அவருடைய புலமையைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். ஆயினும், தம் சமயத்தவர் சிறுபான்மையராய் இருந்த ஒரு கல்விக்கூடத்தில் ஒரு பிள்ளை எவ்வாறு தன்னை இழவாமற் கற்றான், கற்ற பின் அக்கடனை எவ்வாறு தீர்த்தான் என்னும் நோக்கிலே அவர் வாழ்வைக் கண்டவர் சிலரே. அந்நோக்கில் அதனைச் சொல்லிப் பார்க்க விழைகின்றேன். அதற்கு எனக்கும் ஒரு காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

இளமையும் முதற் கல்வியும்

1892 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27 ஆம் நாள் சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மைந்தராய்ப் பிறந்தார் அவர். மயில்வாகனன் என்பது பிள்ளைப் பெயர். காரைதீவு கண்ணகி வழிபாட்டில் ஊறிய ஊர். ஆண்டுதோறும் கண்ணகியம்மன் கோயிற் சடங்கின்போது ஊரே அக்கதையைப் பாட்டாய்க் கேட்டு வளரும். சிலப்பதிகாரத்தை ஏட்டிற் காணுமுன்னரே காதாற் கேட்கும் பேறு அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு உண்டு. பின்னாளில் அந்நூலின் அரங்கேற்றுகாதையிலே தொடங்கி யாழ்நூல் என்னும் பேராய்வு வளர்ந்தமைக்கு வித்து எங்கே விழுந்தது என்பதனை ஈண்டு ஊகித்தல் கடினமன்று.

குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் எழுத்தறிவித்தல் நிகழ்ந்தது. வைத்தியலிங்க தேசிகரிடம் தமிழும் வடமொழியும் பயின்றார். ஆகவே, ஆங்கிலம் கற்பதற்காகக் கல்முனையிலிருந்த மெதடிஸ்தப் பாடசாலையின் படியேறியபோது அச்சிறுவனின் கை வெறுங்கையாய் இருக்கவில்லை. இச்சிறு செய்தியை வாசகர் மனத்திற் கொள்ளவேண்டும்; பின் வருவன யாவும் இதனைப் பற்றியே நிற்கும்.

பாதிரிமாரின் கூடத்தில்

கல்முனையிலிருந்து மயில்வாகனன் மட்டக்களப்பு நகருக்குச் சென்று, நிறைவாகச் சேர்ந்த இடம் புனித மிக்கேல் கல்லூரி. அக்காலை அதனை நடத்தியவர்கள் பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்த இயேசு சபைத் துறவியர். கத்தோலிக்கக் கல்லூரி என்றாற் சுவரிலே சிலுவை இருக்கும். காலையிலே செபம் இருக்கும். ஞானோபதேச வகுப்பு இருக்கும். ஆண்டு முழுதும் அவர்தம் திருநாட்களின் ஒழுங்கிலே நாட்கள் நகரும். யாரும் வெளியே போ என்று சொல்லாவிடினும், இவ்வீடு என்னுடையதன்று என்னும் எண்ணம் வேற்றுச் சமயப் பிள்ளையின் நெஞ்சில் ஓரமாய் நின்றுகொண்டே இருக்கும்.

அந்நாளில் இந்நாட்டின் சைவரும் முஸ்லிம்களும் இக்கூடங்களைப் பற்றிக் கொண்ட அச்சம் வீண் அச்சமன்று. ஆங்கிலக் கல்வியே உத்தியோகத்தின் வாயில். அவ்வாயிலின் திறவுகோலோ பெரும்பாலும் மிசனரிமார் கையில் இருந்தது. கல்விக்கு விலையாகச் சமயத்தைக் கொடுத்த குடும்பங்கள் பல. இந்நெருக்கடியை எதிர்கொள்ள எம் முன்னோர் இரு வழிகளைக் கண்டனர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் மெதடிஸ்தப் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைநின்று, 1848 ஆம் ஆண்டில் அங்கிருந்து விலகிச் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். கற்ற இடத்தை விட்டு வெளியேறித் தமக்கென ஒரு கோட்டை கட்டுவது அவர் வழி. முஸ்லிம்களிற் பெரும்பாலோர் அவ்வாயிலை அணுகாமலே ஒதுங்கி நின்றனர். மார்க்கம் காக்கப்பட்டது, ஆனால் கல்வியிலே எம் சமூகம் நெடுந்தூரம் பின்தங்கிற்று. அந்நட்டத்தைக் கண்டு நெஞ்சு நொந்த அறிஞர் சித்திலெப்பை, 1892 ஆம் ஆண்டில், அஃதாவது மயில்வாகனன் பிறந்த அதே ஆண்டில், கொழும்பிலே முஸ்லிம் பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலை தோன்றக் காரணரானார். பின்னாளைய சாகிராக் கல்லூரியின் மூலம் அதுவே.

மயில்வாகனன் நடந்தது மூன்றாவது வழி. அவர் ஒதுங்கவுமில்லை, கற்ற இடத்தைப் பகைக்கவுமில்லை, தம்மை இழக்கவுமில்லை. அக்கல்லூரியில் ஃபேர்டினண்ட் பொனல் என்னும் இயேசு சபைக் குரு கணிதத்தில் வல்லவர். இம்மாணவனின் கூர்மையைக் கண்டு அவர் பேரன்பு கொண்டார். கணக்கிற்கு மதம் இல்லை; கற்கும் ஆர்வத்துக்கும் இல்லை. கரும்பலகையின் முன் ஆசிரியனும் மாணாக்கனும் ஒருமித்து நின்ற அவ்விடமே, வேற்றில்லமாய் இருந்த கல்லூரியில் அப்பிள்ளை உரிமையோடு காலூன்றிய முதல் நிலம் என்பது என் துணிபு. 1908 ஆம் ஆண்டிலே, பதினாறு வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்விலே தேறினார். தேறிய பின் அக்கல்லூரியே அவரை ஆசிரியராக ஏற்றுக்கொண்டது.

இரு கரையும் தொட்ட ஆறு

1911 இல் கொழும்பு சென்று ஆசிரியப் பயிற்சி பெற்றார். கொழும்பிலே தென்கோவைக் கந்தையாபிள்ளை என்னும் பெரும்புலவரிடம் தமிழ் நூல்களை முறையாகக் கற்றார். மீண்டும் புனித மிக்கேல் கல்லூரியில் ஆசிரியம். பின்னர் கொழும்பு தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம். 1916 ஆம் ஆண்டில் விஞ்ஞானத்தில் டிப்புளோமாவும், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பட்டமும் ஒருங்கே அவரை வந்தடைந்தன. அச்சங்கத்தின் பண்டிதத் தேர்விலே தேறிய முதல் ஈழத்தவர் அவரே.

இவ்விரு பட்டங்களையும் ஒருங்கு வைத்துப் பார்த்தல் வேண்டும். பகலிலே ஐரோப்பியர் வகுத்த விஞ்ஞானம். இரவிலே தொல்காப்பியமும் சங்க நூல்களும். ஒன்றைப் பெறுவதற்காக மற்றொன்றை அவர் கைவிடவில்லை. மறுகரையைத் தொடும் ஆறு முன்கரையை விட்டுப் போவதில்லை அன்றோ!

1917 இல் யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரி அவரை விஞ்ஞான ஆசிரியராக அழைத்தது. அதுவும் கத்தோலிக்கக் கல்லூரியே. நடத்தியவர் அமலமரித் தியாகிகள் சபையினர். அங்கே கற்பித்துக்கொண்டே தாமும் கற்று, 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியானார். அவ்வாண்டிலேயே மானிப்பாய் இந்துக் கல்லூரி அவரைத் தலைமையாசிரியராய் ஏற்றது. யாழ்ப்பாணத்திலே ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் தோன்றியபோது அதற்குத் தோள் கொடுத்தோருள் அவரும் ஒருவர். அச்சங்கம் வகுத்த பாலபண்டிதர், பண்டிதர் தேர்வுகளே பின்வந்த எம் போன்ற எளியோருக்குத் தமிழின் வாயிலாயின.

என் காரணத்தைக் கூறும் இடம் இது. யான் இக்கடற்கரையின் முஸ்லிம் ஊரொன்றிற் பிறந்தவன். சிறுவயதிலே சில ஆண்டுகள் ஒரு கிறித்தவப் பள்ளியிற் பயின்றேன். காலைச் செபத்தின்போது பிற பிள்ளைகள் கைகூப்பி நிற்க, என் கைகளை எங்கே வைப்பது என்று அறியாது திகைத்து நிற்பேன். உன் இனத்தாருக்கு இலக்கணம் எதற்கு, கடைக்கணக்குப் போதாதா என்று ஓராசிரியர் வகுப்பு முழுதும் சிரிக்கக் கேட்டதும் உண்டு. அதே பள்ளியிலே நோன்பு மாதத்தில் உச்சிவேளையிலே என்னை வெயிலில் விளையாட விடாது, நூலகத்தின் நிழலில் அமர்த்தி ஒரு புத்தகத்தையும் கையிலே தந்த மற்றோர் ஆசிரியரும் உண்டு. ஒரு பிள்ளை இவ்விடம் எனக்கும் உரியது என எண்ணுவதும் அன்று என எண்ணுவதும் சட்டத்தால் அமைவனவல்ல. இத்தகைய சிறு செயல்களால் அமைவன.

பின்னர் யான் தமிழ் கற்கக் காரைதீவிலே ஒரு சைவ ஆசிரியரை அடைந்தேன். அவர் திண்ணையிலே பெரியபுராணமும் கற்றேன், சீறாப்புராணமும் கற்றேன். இரண்டையும் அவரே கற்பித்தார். உமறுப் புலவரின் நூலுக்கு அவர் சொன்ன உரைநயத்தை அதன்பின் எவரிடமும் யான் கேட்டதில்லை. அவர்தம் வீட்டின் உட்சுவரிலே தொங்கிய ஒரே படம் விபுலாநந்தருடையது. என் ஆசிரியர் தம் ஒழுக்கத்தை யாரிடமிருந்து பெற்றார் என்பதனை அப்படம் எனக்குச் சொல்லிற்று.

துறவும் தொண்டும்

மானிப்பாயில் நல்ல பதவியும் ஊதியமும் பெற்றிருந்தவர் 1922 இல் யாவற்றையும் துறந்து சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். பிரபோத சைதன்யர் என்னும் பிரமசாரியப் பெயர் பெற்று, 1924 ஆம் ஆண்டு சித்திரைப் பூரணை நாளிலே சுவாமி சிவானந்தரிடம் துறவு ஏற்று விபுலாநந்தரானார். இராமகிருஷ்ண விஜயம் என்னும் தமிழ் ஏட்டுக்கும் வேதாந்த கேசரி என்னும் ஆங்கில ஏட்டுக்கும் ஆசிரியராய் இருந்தார்.

கத்தோலிக்கக் குருமாரிடம் கற்றவர் இந்துத் துறவியானது முரண் என்று சிலர் கருதுவர். யான் அவ்வாறு கருதவில்லை. எம் நாட்டு மரபிலே துறவி என்போர் பெரும்பாலும் காடும் மடமும் நாடியவர். மணம் துறந்து, தாய்நாடு துறந்து, அயலூர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பிப்பதையே தவமாய்க் கொண்ட துறவியரை மயில்வாகனன் தம் இளமையிலே நாள்தோறும் கண்டவர். கற்பித்தலே தவமாகும் என்னும் பாடத்தை அவர் ஞானோபதேச வகுப்பிற் கற்றிலர். அவர்தம் நடையிலே கற்றார். விவேகானந்தர் வகுத்த தொண்டு நெறி அவர் நெஞ்சிலே எளிதில் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். பிறர் வீட்டிலே கண்ட நல்லதனைக் கொண்டுவந்து தம் வீட்டு முற்றத்தில் நட்டார். அது தம் வீட்டு மரமாகவே வளர்ந்தது.

விருந்தினர் விருந்தோம்புகிறார்

1925 இல் ஈழம் மீண்ட அடிகளார், இராமகிருஷ்ண சங்கப் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். 1929 ஆம் ஆண்டிலே மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயம் தோன்றிற்று. வாவிக்கு ஒருபுறம் அவர் கற்ற மிக்கேல் கல்லூரி. மறுபுறம் அவர் கட்டிய வித்தியாலயம். விருந்தினராய் இருந்தவர் இப்போது விருந்தோம்புபவரானார்.

ஒருவர் பண்பை அறிய வேண்டின், அவர் சிறுபான்மையராய் இருந்தபோது என்ன கேட்டார் என்பதனைப் பார்த்தல் போதாது. பெரும்பான்மையராய் இருக்கும்போது என்ன கொடுத்தார் என்பதனையும் பார்த்தல் வேண்டும். அடிகளாரின் வித்தியாலயம் சாதியும் சமயமும் பாராது பிள்ளைகளை ஏற்றது. அயலார் கூடத்திலே நின்ற பிள்ளையின் கூச்சத்தை அறிந்தவராதலின், தம் கூடத்தில் அக்கூச்சம் வேறொரு பிள்ளைக்கு நேராதிருக்க அவர் விழைந்தார்.

1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அழைத்தது. அங்கே மாலை வேளைகளில் அருகிலுள்ள திருவேட்களத்திலே தாழ்த்தப்பட்டோர் வாழும் சேரிக்குச் சென்று பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சேரிக்குச் செல்வதா என்று முகஞ்சுளித்தோர் இருந்தனர், அவர் நின்றாரல்லர். ஈண்டு ஓர் உண்மையை மறைத்தல் தகாது. மயில்வாகனன் மிசன் பள்ளியிலே தலைநிமிர்ந்து நிற்க முடிந்ததற்கு அவர் மதியோடு, அவர் பிறந்த குடியின் நிலையும் வீட்டிலே கிடைத்த தமிழ்க் கல்வியும் துணையாயின. அத்துணை இல்லாத ஏழைப் பிள்ளைக்கு அக்கூடங்களின் வாயில் அவ்வளவு எளிதாய்த் திறக்கவில்லை. திறந்தபோது விலையும் கேட்டது. அடிகளார் இவ்வேற்றுமையை அறிந்திருந்தார் என்பதற்குத் திருவேட்களத்துச் சேரியே சான்று.

நூற்றொண்டிலும் இப்பண்பே விளங்குகின்றது. 1926 இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட அவருடைய மதங்கசூளாமணி, ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு ஒப்பவைத்து ஆராய்வது. ஆங்கிலப் பள்ளி தந்த செல்வம் தமிழன்னையின் பேழைக்கு வந்து சேர்ந்தது. யாழ்நூலோ இசைத்தமிழையும் கணிதத்தையும் ஒருங்கே கற்றவரன்றிப் பிறர் எழுதவொண்ணாதது. நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள கணக்கை அறியாதவர், மறைந்துபோன யாழின் இசையை மீட்டுத்தர இயலாது. பொனல் அடிகளிடம் கற்ற கணிதமும் கண்ணகி கோயிலிற் கேட்ட கதையும் ஒரே நூலிலே கைகோத்து நிற்கின்றன.

கல்முனையில் ஒரு சந்திப்பு

இமயத்து மாயாவதி ஆசிரமத்திலே பிரபுத்த பாரத ஏட்டின் ஆசிரியராய்ச் சில ஆண்டுகள் இருந்து அடிகளார் ஈழம் மீண்ட காலம் இரண்டாம் உலகப் போர்க் காலம். 1942 இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார் இளைஞர் ஒருவர். அவர்தாம் ஏ. எம். ஏ. அஸீஸ். 1911 இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிற் பிறந்த அவர், குர்ஆன் மதரசாவிலே ஓதி, இராமகிருஷ்ண சங்கத்தாரின் வைத்தீசுவர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்று, 1935 இல் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம் ஆவார்.

கத்தோலிக்கக் கல்லூரியிற் கற்ற சைவப்பிள்ளை ஒருபுறம்; இந்துப் பாடசாலையிற் கற்ற முஸ்லிம் பிள்ளை மறுபுறம். இருவரும் நண்பராயினர். இக்கடற்கரை முஸ்லிம்களின் கல்விநிலை கண்டு மனம் வருந்திய அஸீஸ், அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றக் காரணரானார். ஏழை மாணவருக்கு உதவும் அம்முயற்சியே 1945 இல் நாடளாவிய முஸ்லிம் கல்விச் சகாய நிதியாய் விரிந்தது. பின்னர் அவர் 1948 இல் சிவில் சேவையைத் துறந்து சாகிராக் கல்லூரியின் அதிபரானார். உயர்ந்த உத்தியோகத்தை விட்டு ஆசிரியத்தொழிலை நாடிய அச்செயலிலே மானிப்பாயை விட்டுச் சென்ற மயில்வாகனனின் சாயலை யான் காண்கின்றேன்.

1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அடிகளார் அமர்ந்தார். 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலிலே யாழ்நூல் அரங்கேறிற்று. நோயுற்ற உடலோடு அவ்விழாவைக் கண்டு மீண்டவர், ஜூலை 19 ஆம் நாள் இவ்வுலகு நீத்தார். கல்லடி உப்போடையிலே, தாம் கட்டிய வித்தியாலயத்தின் நிலத்திலேயே துயில்கின்றார்.

நமக்கு அவர் விட்டுச் சென்றது

அடிகளார் மறைந்து பதினெட்டு ஆண்டுகளின் பின், 1965 ஒக்டோபர் 28 ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களிலுள்ள உண்மையையும் தூய்மையையும் கத்தோலிக்கத் திருச்சபை மதிக்கின்றது என அறிவித்தது. அமெரிக்காவிலே இயேசு சபையாரின் ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகம் 1999 இல் முஸ்லிம் மாணவருக்கென முழுநேர இமாம் ஒருவரை அமர்த்திற்று. கடல் கடந்து அத்தகைய கல்விக்கூடங்களுக்குச் செல்லும் எம் பிள்ளைகள் இன்று நிறத்தாலும் சமயத்தாலும் இருமுறை சிறுபான்மையராய் நிற்கின்றனர். அவர்கள் கேட்கும் கேள்வி புனித மிக்கேல் கல்லூரியின் படியிலே மயில்வாகனன் கேட்டிருக்கக்கூடிய கேள்வியே. தொழுவதற்கு ஓர் அறை கிடைப்பது நன்று. ஆயினும், அறை தருவதோடு விருந்து முடிவதில்லை. அப்பிள்ளையின் அறிவை மதித்து, உன்னால் எமக்கும் ஆவது உண்டு என்று உணர்த்துவதே நிறைந்த விருந்து.

எம் மண்ணிலும் இக்கேள்வி மாறி மாறி வருகின்றது. 1995 இல் ஒலுவிலிலே தோன்றிய உயர்கல்வி நிலையம் மறு ஆண்டிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. முஸ்லிம் ஊர்களின் நடுவே அமைந்த அதற்குத் தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் வருகின்றனர். அங்கே விருந்தோம்ப வேண்டியவர் நாம். அயலார் கூடத்திலே நம் பிள்ளைக்கு என்ன வேண்டுமென்று கேட்கின்றோமோ, அதனை நம் கூடத்தில் அயலார் பிள்ளைக்கு அளிக்கின்றோமா என்பதே நம் தேர்வு. இத்தேர்வில் யாவரும் தேறிவிட்டோம் என்று நெஞ்சிற் கைவைத்துச் சொல்ல என்னால் இயலவில்லை.

1985 இலும் 1990 இலும் இக்கரையிலே தமிழர் குருதியும் முஸ்லிம் குருதியும் சிந்தின. என் ஊருக்கும் காரைதீவுக்கும் இடையிலுள்ள சிறு தொலைவு, கடக்கவொண்ணாத பெருந்தொலைவாயிற்று. பாடம் பாதியில் நின்றது. ஆசிரியர் உயிரோடிருக்கின்றாரா என்று அறியவும் ஆளில்லை. நெடுநாளின் பின் அஞ்சி அஞ்சி அத்திண்ணையை அடைந்தபோது, அவர் என்னைக் கண்டதும் ஒன்றும் வினவாது உள்ளே சென்று, யான் விட்டுச் சென்ற சீறாப்புராணத்தை எடுத்து வந்தார். நிறுத்திய செய்யுளிலே ஓர் ஓலைத்துண்டு அடையாளமாய் வைக்கப்பட்டிருந்தது. விட்ட இடத்திலிருந்து பாடம் தொடர்ந்தது. உட்சுவரிலே அந்தப் படம் அவ்வாறே தொங்கிக்கொண்டிருந்தது.

ஆசிரியர் இன்று இல்லை. அவர் தந்த நூல் என்னிடம் இருக்கின்றது. அவ்வோலைத்துண்டும் அதே பக்கத்தில் இருக்கின்றது. என் வகுப்பிலே வேற்றூர்ப் பிள்ளை ஒன்று கைகளை எங்கே வைப்பதென்று அறியாது நிற்பதைக் காணும்போதெல்லாம், யான் அதனை நினைத்துக்கொள்கின்றேன்.